மூன்றாவது குண்டு

பாட்டன் டாங்கிகளின் எதிரே ஒரு திறந்த ஜீப்பில் நின்ற ஹவில்தார் அப்துல் ஹமீது: படைவாழ்வும் பரம் வீர் சக்ராவும்

1965 செப்டம்பர் 10, காலை எட்டு மணி. பஞ்சாபில் கேம்கரணிலிருந்து பிக்கிவிண்டு போகும் சாலையில் சீமா என்றொரு சிற்றூர். சுற்றிலும் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த கரும்பு. அந்தக் கரும்புக் காட்டின் மேல் பாகிஸ்தான் பீரங்கிகள் குண்டு மழை பொழிந்துகொண்டிருந்தன. பின்னாலேயே பாட்டன் டாங்கிகள் வந்தன. ஒன்பது மணிக்கெல்லாம் அவை இந்தியப் படையின் முன்வரிசைக்குள் நுழைந்துவிட்டன.

அப்போது ஒரு ஜீப் கிளம்பியது. அதற்குக் கூரை இல்லை, கவசத் தகடு இல்லை. முதுகில் ஒரு நீண்ட குழல் மட்டும் பொருத்தியிருந்தார்கள். அதில் நின்றவர் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீது, வயது 32. முன்வரிசை உடைந்த நேரத்தில் பின்வாங்குவதற்கு யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஜீப் பின்னால் போகவில்லை. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வயலுக்குள் இறங்கி, டாங்கிகளின் விலாப்புறத்தை நோக்கி ஓடியது.

அடுத்த சில நிமிடங்களுக்காகத்தான் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருதான பரம் வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. அந்த நிமிடங்களை நம்மில் பலர் ஓர் எண்ணிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். எத்தனை டாங்கி? ஏழா, எட்டா? அவருடைய பெயரைச் சொன்னதும் எழும் முதல் கேள்வி இதுதான். அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்பதை அறிய, கேள்வியைச் சற்று மாற்ற வேண்டும்: இரண்டாவது முறை சுடுவதற்கு அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது? மூன்றாவது முறைக்கு?

தையல்காரர் வீட்டுப் பிள்ளை

உத்தரப்பிரதேசத்தின் கிழக்கு மூலையில், கங்கைக் கரை மாவட்டமான காசிப்பூரில் இருக்கிறது தாமுபூர் கிராமம். அங்கே 1933 ஜூலை 1 அன்று பிறந்தார் அப்துல் ஹமீது. தந்தை முகமது உஸ்மான் துணி தைப்பவர். வீட்டின் வருமானம் ஊசியின் நுனியில் நின்றது. மகனும் வளர்ந்ததும் அப்பாவோடு உட்கார்ந்து தைத்தார். மற்ற நேரத்தில் மல்யுத்தமும் கம்பு சுற்றுவதும்தான் அவருக்குப் பிடித்தவை.

1954 டிசம்பர் 27 அன்று, 21 வயதில், ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்தது கிரனேடியர்ஸ் ரெஜிமென்ட். ராஜஸ்தானின் நசீராபாத்தில் பயிற்சி. அது முடிந்து நான்காவது பட்டாலியன். அதன்பின் ஆக்ரா, அமிர்தசரஸ், டெல்லி, ராம்கர், வடகிழக்கு எல்லை என்று பட்டாலியன் போன இடமெல்லாம் அவரும் போனார். ஊரில் மனைவி ரசூலன் பீவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். விடுப்புக்கு வருவதும், விடுப்பு முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவதுமாக ஓடும் சிப்பாய்க் குடும்பங்களின் வாழ்க்கைதான் அவர்களுடையதும்.

நாம்கா சூ நதிக்கரை

ஹமீது கண்ட முதல் போர் வெற்றிப் போர் அல்ல. 1962 அக்டோபர் 20 அன்று, இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நாம்கா சூ நதிக்கரையில் சீனப் படை தாக்கியது. அங்கே நின்றது பிரிகேடியர் ஜான் தல்வியின் ஏழாவது பிரிகேடு. நான்காவது கிரனேடியர்ஸ் அதில் ஓர் அங்கம். இமயக் குளிரில் பருத்தி உடையோடு, கையில் எண்ணிக் கொடுத்த தோட்டாக்களோடு நின்ற பிரிகேடு அது. சில மணி நேரத்தில் சிதைந்தது. தல்வியே சிறைப்பட்டார். சூழப்பட்டுத் துண்டிக்கப்பட்ட நான்காவது கிரனேடியர்ஸ் வீரர்கள் பூட்டான் மலைகளின் வழியே நடந்து, அசாமின் மிசாமாரி முகாமை வந்தடைந்தார்கள்.

அந்த நடையை ஹமீதின் வரலாற்றில் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. துணிச்சலுக்குக் குறைவில்லாத ஆட்கள் ஆயுதமும் ஏற்பாடும் இல்லாததால் தோற்றதை அவர் கூடவே இருந்து பார்த்தவர். நாம்கா சூவில் நொறுங்கிய பிரிகேடு நான்காவது டிவிஷனைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே டிவிஷன்தான் பஞ்சாப் கரும்பு வயல்களில் மறுபடி ஒரு பெரும்படையை எதிர்கொள்ளப் போனது. 1962இன் வடு ஆறாத மனிதர்கள் அந்தப் பதுங்குகுழிகளில் இருந்தார்கள்.

ஸ்டோரிலிருந்து மறுபடி பீரங்கிக்கு

பதவியின் பெயரிலேயே அவருடைய அன்றாட வேலை இருக்கிறது. குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்றால் கம்பெனியின் ஸ்டோருக்குப் பொறுப்பு. அரிசி, பருப்பு, கம்பளி, பூட்ஸ், தோட்டா என எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை.

அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் அவர் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் இருந்தவர். 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். (ரீகாயில்லெஸ், அதாவது பின்னுதை இல்லாத) பீரங்கியைக் கையாள்வதில் பட்டாலியனிலேயே அவருக்கு இணையான குறி வேறு யாருக்கும் இல்லை என்று பெயர். பதவி உயர்வுதான் அவரை ஸ்டோருக்குக் கொண்டுபோனது. 1965இல் போர் மூண்டபோது, அந்தப் பீரங்கிப் பிரிவை மறுபடி ஏற்கும்படி பட்டாலியன் தலைமை அவரைக் கேட்டது. கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பினார்.

இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆயுதம்

அந்த ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அன்று காலை நடந்தது விளங்கும்.

சாதாரண பீரங்கி சுடும்போது பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்கக் கனமான அடித்தளம் வேண்டும். ஆர்.சி.எல்.லில் குழலின் பின்புறம் முழுதாக அடைபட்டிருக்காது. குண்டு முன்னால் பாயும்போதே, வெடித்த வாயு பின்னால் பீறிட்டு வெளியேறும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்வதால் உதை இல்லை. அதனால் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள அந்தப் பீரங்கியை ஒரு ஜீப்பின் மேலேயே பொருத்திவிடலாம். நினைத்த இடத்துக்கு ஓட்டிப்போய்ச் சுடலாம்.

இந்த வசதிக்குக் கொடுக்க வேண்டிய விலையும் அந்தப் பின்வாசலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஜீப்பின் பின்னால் நெருப்பும் புகையும் புழுதியும் ஒரு பெரும் மேகமாக எழும். கரும்புத் தோகைகள் அதிரும். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எதிரிக்குக் கைகாட்டியது போலத்தான். அதனால் இந்தப் பீரங்கியை இயக்குபவர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம், சுட்டதும் இடத்தை மாற்று என்பது. ஜீப்பில் இருப்பவர்களைக் காக்க வேகத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

குறிபார்ப்பதும் ஒரே நொடியில் முடிகிற காரியம் அல்ல. பெரிய குழலோடு சேர்த்து ஒரு சிறு துப்பாக்கியும் பொருத்தப்பட்டிருக்கும். முதலில் அதால் சுட்டு, தோட்டா இலக்கில் பட்டதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்டு, பிறகே பெரிய குண்டை விட வேண்டும். டாங்கி ஒன்று தன் குழலைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, இவ்வளவையும் நடுங்காத கையோடு செய்ய வேண்டும்.

எதிரே வந்தது பாட்டன். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டனின் பெயரைத் தாங்கிய டாங்கி. சுமார் 45 டன் எடை, 90 மில்லிமீட்டர் பீரங்கி. அமெரிக்க ராணுவ உதவியாகப் பாகிஸ்தானுக்கு வந்தது. அதன் முன்பக்கக் கவசம் மிகத் தடிமனானது, விலாப்புறம் அந்த அளவுக்கு இல்லை. ஹமீது ஏன் நேரே நின்று சுடாமல் பக்கவாட்டுக்கு ஓடினார் என்பதற்குக் காரணம் இதுவே. ஆவேசத்தில் பாய்ந்தவராக அவரைப் பல கதைகள் சித்திரிக்கின்றன. ஐந்து ஆண்டு கற்ற தொழிலை அந்தச் சூழலிலும் மறக்காதவர் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மூன்று நாட்கள்

செப்டம்பர் 6 அன்று இந்தியப் படை லாகூர் முனையில் எல்லையைக் கடந்தது. கேம்கரண் பகுதியில் மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் நான்காவது மலை டிவிஷன் முன்னேறப் பார்த்து, எதிர்த்தாக்குதலில் பின்தள்ளப்பட்டது. மலைப்போருக்கென மாற்றியமைக்கப்பட்ட டிவிஷன் அது. சமவெளியில் டாங்கிகளைச் சந்திக்கும் அளவுக்குப் பலம் இல்லை. பாகிஸ்தானோ தன் முதலாவது கவச டிவிஷனையே அங்கே இறக்கியது. கேம்கரணை உடைத்துக்கொண்டு பியாஸ் ஆற்றுப் பாலத்தை எட்டிவிட்டால் அமிர்தசரஸ் துண்டிக்கப்பட்டுவிடும்.

இந்தியப் படை சற்றுப் பின்னால் வந்து, அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றி குதிரை லாடம் போல வளைந்து நிலைகொண்டது. லாடத்தின் வாய் எதிரியின் பக்கம் திறந்திருந்தது. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். வளர்ந்த கரும்புக்குள் டாங்கிகளும் ஜீப்புகளும் மறைந்தன. பிரிகேடியர் தியாகராஜ் தலைமையில் இரண்டாவது கவச பிரிகேடு பக்கபலமாக நின்றது.

செப்டம்பர் 8 அன்று பாட்டன்கள் நான்காவது கிரனேடியர்ஸின் எதிரே வந்தன. ஹமீது அவசரப்படவில்லை. முன்னால் வந்த டாங்கி மிக அருகே நெருங்கும்வரை கரும்பின் மறைவில் காத்திருந்து சுட்டார். அது எரிந்ததைக் கண்டதும் பின்னால் வந்த டாங்கிகளிலிருந்து ஆட்கள் குதித்து ஓடினார்கள் என்கிறது பட்டாலியனில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மறுநாள் வானத்திலிருந்து சேபர் ஜெட் விமானங்கள் தாக்கின; தரையில் டாங்கிகள் மறுபடி மறுபடி வந்தன. ஹமீதின் ஜீப் வயலுக்குள் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

பிறகு பத்தாம் தேதி. அன்று நடந்ததை பரம் வீர் சக்ராவின் சான்றுரை வரிசையாகச் சொல்கிறது. ஜீப் பக்கவாட்டுக்குப் போனது. சாதகமான இடம் பார்த்து நின்றது. முதல் டாங்கி வீழ்ந்தது. சட்டென்று இடம் மாறியது. இரண்டாவது டாங்கி தீப்பற்றியது. இதற்குள் மற்ற டாங்கிகள் ஜீப்பைக் கண்டுகொண்டன. இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் அந்த ஒற்றை ஜீப்பை நோக்கித் திரும்பின. ஹமீது இன்னொரு டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு குண்டு அவரைத் தாக்கியது.

எண்ணிக்கை சொல்லாதது

சான்றுரையில் இருப்பது பத்தாம் தேதிக் காலை மட்டுமே. மூன்று நாட்களையும் சேர்த்து, அவரைப் பற்றிய நூல்களில் சில ஏழு என்கின்றன, சில எட்டு என்கின்றன. புழுதியும் புகையும் சூழ்ந்த களத்தில், பல பீரங்கிகள் ஒரே நேரத்தில் சுடும்போது, எது யாருடைய குண்டு என்று கணக்கு எழுதுபவர் யாரும் நிற்பதில்லை. போர்க் கணக்குகள் எப்போதும் இப்படித்தான்.

ஆனால் அந்தச் சான்றுரையில் எந்தக் கணக்கையும் விடக் கனமான ஒரு சொல் இருக்கிறது: ‘இடம் மாற்றி’. முதல் குண்டைச் சுட்டதும் புழுதி மேகம் எழுந்துவிட்டது. எதிரிக்குத் திசை தெரிந்துவிட்டது. ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கமும் திருப்பலாம். கரும்புக்குள் மறைந்து பின்னால் போனாலும் ஒரு டாங்கியை வீழ்த்திய வீரர்தான் அவர். அவருடைய ஜீப் அடுத்த டாங்கியைத் தேடிப் போனது. இரண்டாவது குண்டுக்குப் பிறகு திசை மட்டும் அல்ல, இடமே தெரிந்துவிட்டது. அப்போதும் மூன்றாவது குண்டை ஏற்றச் சொன்னார்.

முதல் குண்டைத் துணிச்சல் எனலாம். மூன்றாவதை அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது. என்ன நேரும் என்று ஒன்றுக்கு இரண்டு முறை கண்ணால் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. அந்த விருது அந்த முடிவுக்கானது என்றே நான் நம்புகிறேன்.

நம் முன்னோர் நடுகல் நட்டபோதும் ‘பெருவீரன்’ என்று எழுதிவிட்டு நிறுத்தவில்லை. எந்த ஊர்ப் பூசலில், எதை மீட்கப் போய், எப்படி விழுந்தான் என்று கல்லில் பொறித்தார்கள். வாளோங்கிய கையையும் மேலே பாய்ந்த அம்பையும் செதுக்கினார்கள். அப்துல் ஹமீதின் சான்றுரையும் அந்த வகை எழுத்துதான். புகழ்ச்சிச் சொல் அதில் குறைவு. செயலும் நேரமும் இடமும் நிறைய.

அசல் உத்தர் என்றால்…

அந்தக் கிராமத்தின் பெயருக்கு ‘சரியான பதில்’ என்று பொருள். செப்டம்பர் 10 அன்று அந்தப் பெயர் பலித்தது. சேற்றில் சிக்கியும், கரும்புக்குள் வழிதெரியாமலும், லாடத்தின் மூன்று பக்கங்களிலிருந்தும் சுடப்பட்டும் பாகிஸ்தானின் கவச டிவிஷன் நிலைகுலைந்தது. அதன் பீரங்கிப் படைத் தளபதி பிரிகேடியர் ஷமி களத்திலேயே மாண்டார். இந்தியத் தரப்புக் கணக்கின்படி பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97. பிடிபட்டவற்றை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு ‘பாட்டன் நகர்’ என்று பெயரே வந்துவிட்டது.

இந்த வெற்றியை ஒரு மனிதருக்கு மட்டும் எழுதிவைப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. கரும்புக்குள் மறைந்து நின்ற செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகளில் இருந்தவர்கள், கண்ணிவெடி புதைத்தவர்கள், வாய்க்காலை உடைத்தவர்கள், ஜீப்பை ஓட்டியவர், குண்டை எடுத்துக் கொடுத்தவர் என எல்லோருடைய வெற்றியும் அது. குர்பக்ஷ் சிங்குக்கும் தியாகராஜுக்கும் மகா வீர் சக்ரா கிடைத்தது. ஹமீதுக்கும் அவர்களோடு சேர்ந்து நிற்கவே பிடித்திருக்கும். பட்டாலியன் அவரை வளர்த்த விதம் அப்படி.

மார்பில் குத்த முடியாத பதக்கம்

போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. போர்நிறுத்தம் வந்தது செப்டம்பர் 23 அன்று. அதற்கு ஒரு வாரம் முன்பே, 16 அன்று, அப்துல் ஹமீதுக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டுவிட்டது. 1965 போரில் அந்த விருதைப் பெற்றவர்கள் இருவர். மற்றவர் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் தாராபூர். அவரும் களத்தில் உயிர் கொடுத்தவர்.

பரம் வீர் சக்ரா பார்வைக்கு எளிமையானது. மூன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு வெண்கல வட்டம். நடுவில் தேசியச் சின்னம். அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. மேலே ஊதா நிற நாடா. வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்த மண்ணின் மரபுகளில் தோய்ந்த சாவித்திரி கானோல்கர். ததீசி முனிவர் தன் முதுகெலும்பைக் கொடுத்து வஜ்ராயுதம் செய்யச் சொன்ன கதை நமக்குத் தெரியும். தன்னையே ஆயுதமாகக் கொடுப்பவருக்கான அடையாளம் அது. 1950 முதல் இன்றுவரை இந்தப் பதக்கம் பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேர் அதைத் தம் கையால் தொட்டதில்லை.

1966 ஜனவரி 26. டெல்லி ராஜபாதையில் குடியரசு தின விழா. நாடு துக்கத்தில் இருந்தது. தாஷ்கண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கேயே மறைந்து இரண்டு வாரங்கள்தான் ஆகியிருந்தன. ‘ஜெய் ஜவான்’ என்று முழங்கியவர் இல்லாத மேடையில் அந்த ஜவானின் மனைவி வந்து நின்றார். திருத்தணி மண்ணில் பிறந்த குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன், தாமுபூரிலிருந்து வந்த ரசூலன் பீவியின் கையில் பதக்கத்தைக் கொடுத்தார்.

இந்தப் பதக்கத்தோடு சமர் சேவா, ரக்ஷா, சைனிய சேவா பதக்கங்களும் அவருடைய பெயரில் உள்ளன. 1988இல் சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘பரம் வீர் சக்ரா’ தொலைக்காட்சித் தொடரில் நசீருதீன் ஷா அவராக நடித்தார். 2000இல் அவருடைய நினைவாக மூன்று ரூபாய் அஞ்சல்தலை வந்தது. 2023இல் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டபோது ஒரு தீவு ஹமீதின் பெயரைப் பெற்றது. அசல் உத்தரில், அவர் விழுந்த வயல்களின் அருகே, நினைவிடம் இருக்கிறது.

ஒரு பார்வையில்

பிறப்பு: 1933 ஜூலை 1, தாமுபூர், காசிப்பூர் மாவட்டம், உத்தரப்பிரதேசம்
படையில் சேர்ந்தது: 1954 டிசம்பர் 27, கிரனேடியர்ஸ் ரெஜிமென்ட்
பட்டாலியன்: நான்காவது கிரனேடியர்ஸ்
பங்கேற்ற போர்கள்: 1962 இந்திய–சீனப் போர், 1965 இந்திய–பாகிஸ்தான் போர்
வீரமரணம்: 1965 செப்டம்பர் 10, சீமா கிராமம், கேம்கரண் பகுதி
பரம் வீர் சக்ரா: 1965 செப்டம்பர் 16இல் அறிவிப்பு; 1966 ஜனவரி 26இல் மனைவியிடம் வழங்கப்பட்டது
சுதந்திர இந்தியாவில் கிரனேடியர்ஸின் பரம் வீர் சக்ராக்கள்: அப்துல் ஹமீது (1965), மேஜர் ஹோஷியார் சிங் (1971), யோகேந்திர சிங் யாதவ் (1999)

ரசூலன் பீவியின் ஆண்டுகள்

வீரர்களின் கதையைப் பெரும்பாலும் பதக்கம் வழங்கும் காட்சியோடு முடித்துவிடுகிறோம். பதக்கத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ரசூலன் பீவி ஐந்து பிள்ளைகளோடு தாமுபூருக்குத் திரும்பினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். எத்தனையோ செப்டம்பர் 10கள் வந்து போயின.

2017 செப்டம்பர் 10 அன்று, அப்போதைய ராணுவத் தளபதி பிபின் ராவத் தாமுபூருக்கு வந்தார். பாட்டனும் ஆர்.சி.எல்.லும் பழங்கதையாகி, அந்தப் போரில் நின்றவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்ட காலம். முதுமையில் தளர்ந்திருந்த அந்தத் தாயின் அருகே ராணுவத்தின் தலைவர் நின்றார். நாடு தன் கடனை மறக்கவில்லை என்று சொல்ல, அந்த வீட்டு வாசலுக்கு நடந்து போவதைவிட நல்ல வழி வேறு இல்லை. நம் ஊர்களிலும் எல்லையில் கணவரையோ மகனையோ கொடுத்த வீடுகள் இருக்கின்றன. ஆகஸ்ட் 15 அன்று மாலை போட்டுவிட்டு, மறுநாள் அந்த வாசலைக் கடந்து போகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது.

2019 ஆகஸ்ட் 2 அன்று ரசூலன் பீவி மறைந்தார். கணவர் ராணுவத்தில் இருந்தது பதினோரு ஆண்டுகளுக்கும் குறைவு. அவர் இல்லாமல் மனைவி வாழ்ந்தது ஏறத்தாழ 54 ஆண்டுகள். மூன்றாவது குண்டின் விலையைச் சொல்லும் கணக்கு ஒன்று வேண்டுமென்றால், டாங்கிகளை எண்ணுவதை விட்டுவிட்டு இந்த ஆண்டுகளை எண்ணலாம்.